கர்ஸருக்குப் பேய் பிடித்தால்...

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் ஃப்ளாட் பையன் லாப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான்.

‘‘அங்கிள், கர்ஸருக்குப் பேய் பிடிச்சிருக்கு. வடக்கே இழுத்தா தெற்கே ஓடுது. நாளைக்கு மேனேஜருக்கு எக்ஸெல் ஷீட் அனுப்பணும்!’’

‘‘கையைக் காட்டு’’ என்றேன். ஜோசியம் பார்க்க அல்ல. இட்லி சாப்பிட்டுக் கழுவின ஈரம் காயவில்லை.

டச்பேடின் மேல்தகட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின் கட்டம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரம் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் கப்பாஸிட்டன்ஸ் துளி மாறும். அதை வைத்துத்தான் விரல் எங்கே என்று கணக்குப் போடுகிறது. ஈரமும் வேர்வையும் கணக்கைக் குழப்பும்.

துடைத்தான். பேய் போகவில்லை.

சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். எர்த் சரியில்லாத ப்ளக் பாயின்ட், மட்டமான சார்ஜர் இரண்டுமே கர்ஸரை நடுங்க வைக்கும். பிடுங்கியும் அடங்கவில்லை.

அடுத்து, டச்பேடை அணைத்துவிட்டு மவுஸைச் செருகினோம். (பல லாப்டாப்களில் ‘எஃப்என்’ கீயோடு டச்பேட் படம் போட்ட கீயை அழுத்தினால் போதும். கர்ஸர் திடீரென்று செத்துவிட்டது என்று அலறுபவர்கள் இதைத்தான் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள்.) மவுஸும் தகராறு செய்தது. காரணம், என் கண்ணாடி மேஜை. ஆப்டிகல் மவுஸ் அடியிலுள்ள பரப்பை ஓயாமல் படம் பிடித்து, அதை வைத்து நகர்கிறது. வழவழ கண்ணாடியில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? இந்தப் பத்திரிகையை அடியில் வைக்கலாம். படித்த பிறகு.

வைத்ததும் மவுஸ் சமர்த்தாக ஓடியது. ஆக, குற்றவாளி டச்பேட்.

ஒரு ஸ்கேலை அதன்மேல் குறுக்கே வைத்தேன். ஸ்கேல் ஊஞ்சலாடியது. டச்பேட் லேசாக உப்பியிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பல லாப்டாப்களில் டச்பேடுக்கு அடியில் அல்லது பக்கத்தில்தான் லித்தியம் பேட்டரி படுத்திருக்கிறது. கெட்டுப்போனால் உள்ளே வாயு சேர்ந்து உப்பி, டச்பேடை மேலே தள்ளும். கிளிக் இறுகும், கர்ஸர் தாவும். அந்த நிலையில் அழுத்தினாலோ, குத்தினாலோ, தொடர்ந்து சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கலாம்.

‘‘எத்தனை நாளா இப்படி?’’

‘‘ஒரு மாசமா. அழுத்தி அழுத்திச் சமாளிச்சேன். ராத்திரி சார்ஜ்ல போட்டுத் தலைமாட்டுலயே வெச்சுட்டுத் தூங்கிடுவேன்.’’

உடனே ஷட்டவுன் செய்தோம். மெத்தை, பேப்பர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் மொசைக் தரையில் வைத்தோம். மெயிலில் கிடந்த பழைய ஷீட்டை எடுத்து என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடித்தான். திங்கட்கிழமை சர்வீஸ் சென்டர்.

உங்கள் டச்பேடிலும் இன்றைக்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.

புதன்கிழமை புது பேட்டரியோடு வந்தான். கர்ஸர் சொன்ன பேச்சைக் கேட்கிறதாம்.

‘‘மேனேஜர்?’’

‘‘அவருக்கு இன்னும் இறங்கலை அங்கிள்!’’