திரையில் தெரியும் ஈரான் பொய்யா?

ஈரானைப் பற்றிய பயணத் தொடர்களை ஆசையாகப் பார்ப்பவர்களிடம் சிலர் அடிக்கடி சொல்வது இது: "டிவியில் பார்த்தா ஒரு நாட்டைத் தெரிந்துகொள்வது? அரசு அனுமதித்த இடத்தில்தான் கேமரா ஓடும். நீல ஓடு பதித்த மசூதி, கம்பளக் கடை, கபாப், அவ்வளவுதான். உண்மை வேண்டுமென்றால் செய்தியைப் பாருங்கள், இல்லாவிட்டால் நேரில் போங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால் இந்த வாதத்தின் ஒரு கூறும் நிற்காது.

1. "செய்திதான் உண்மையான ஈரானைக் காட்டுகிறது."

அணு உலை, பொருளாதாரத் தடை, தூக்குத் தண்டனை, 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்ததும் வெடித்த போராட்டம், எல்லாம் உண்மை. அவற்றை அறியாமல் ஈரானைப் பற்றிப் பேசவே கூடாது. ஆனால் செய்தி காட்டுவது பெரும்பாலும் அரசையும் அதன் மோதல்களையும்தான். அந்த மக்கள் எப்படிச் சமைக்கிறார்கள், விடுமுறை நாளில் எங்கே போகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. அதனால்தான் ஈரானியர்கள் அரபியர்கள் என்றும், நாடு முழுக்க மணல் என்றும் நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காஸ்பியன் கடலோரத்தில் அடர்ந்து கிடக்கும் ஹிர்கானியக் காடுகள் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. தெஹ்ரானுக்கு வடக்கே பனிச்சறுக்கு மலைகள் இருக்கின்றன. தமாவந்த் சிகரத்தின் உயரம் 5,600 மீட்டருக்கும் மேல். இஸ்ஃபஹானில் ஆர்மீனியர்களின் வாங்க் தேவாலயமும், யஸ்தில் ஜரதுஷ்டிரர்களின் தீக்கோயிலும் இருக்கின்றன. பலர் இவற்றை முதலில் கண்டது ஏதோவொரு பயணத் தொடரில்தான்.

2. "அரசு காட்டச் சொன்னதைத்தான் காட்டுகிறார்கள்."

படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டும், கட்டுப்பாடும் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல தொடர்கள் அந்தக் கட்டுப்பாட்டை ஒளித்து வைக்கவில்லை. அமெரிக்கப் பயணத் தொகுப்பாளர் ரிக் ஸ்டீவ்ஸ் 2008இல் ஈரானில் படம்பிடித்தார். 2009இல் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சி, அமெரிக்க எதிர்ப்புச் சுவரோவியங்களையும் காட்டியது, தெருவில் அமெரிக்கர்களுக்குக் கிடைத்த வரவேற்பையும் காட்டியது. 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான்-ஈராக் போரில் மாண்டவர்களின் கல்லறைகளுக்கும் அவர் போனார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, வெளிநாட்டுத் தாக்குதல் என்றாலே ஈரானியர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சமையல் கலைஞர் அந்தனி போர்டெய்னின் ஈரான் நிகழ்ச்சி 2014 நவம்பரில் வந்தது. தனக்கு அங்கே கிடைத்த உபசரிப்பை மனம்விட்டுப் பாராட்டிய அவரே, அதில் தோன்றிய பத்திரிகையாளர் ஜேசன் ரெசையானும் அவருடைய மனைவியும் படப்பிடிப்புக்குச் சில வாரங்களுக்குப் பிறகு கைதானதையும் நேயர்களுக்குத் தெரிவித்தார். ரெசையான் 544 நாட்கள் சிறையில் இருந்தார். மக்களின் அன்பு, அரசின் கடுமை இரண்டையும் ஒரே மணி நேரத்தில் வைத்த நிகழ்ச்சியை அரசுப் பிரச்சாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

3. "எல்லாம் மேலோட்டம்."

பெர்சபோலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 518 வாக்கில் முதலாம் தாரியஸ் கட்டத் தொடங்கி, கி.மு. 330இல் அலெக்சாந்தர் காலத்தில் எரிந்த நகரம். அங்குள்ள அபதானா மண்டபப் படிக்கட்டுச் சுவரில் 23 நாட்டுக் குழுக்கள் காணிக்கையோடு வரும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கேமரா அந்தச் சுவரை நிதானமாகத் தடவிக்கொண்டு போகும்போது கவனியுங்கள். அதில் போரும் இல்லை, மிதிபடும் எதிரியும் இல்லை. ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஓர் அரண்மனை அதிகாரி கைபிடித்து அழைத்துப் போகிறார். இந்தியக் குழுவில் ஒருவர் தோளில் காவடித் தண்டு, அதன் இரு முனையிலும் கூடை. வென்ற பேரரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அரிது.

இன்றைய வாழ்க்கையையும் கேமரா இப்படி நெருங்கிக் காட்ட முடியும். ஈரானில் டாக்ஸி ஓட்டுநர் "காசு வேண்டாம்" என்பார். அது அவர்கள் மரியாதை முறை, நாம் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். புதிதாகப் போகிறவர் நன்றி சொல்லி இறங்கிவிடக்கூடும். உள்ளூர்த் துணையோடு எடுக்கப்பட்ட தொடர் அந்த முறையை நடக்கும்போதே நமக்கு விளக்கிவிடுகிறது.

4. "பண்பாட்டை ரசிப்பது ஆட்சிக்கு வெள்ளையடிப்பது."

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த வாதம்தான். பாரசீகப் பண்பாடு எந்த ஆட்சியின் சொத்தும் அல்ல. வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டு இஸ்லாத்துக்கும் முந்தையது. 1979 புரட்சிக்குப் பிறகு மதத் தலைமை அதைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தும் வீடுகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஷிராஸில் இருப்பது மதுவையும் காதலையும் பாடிய கவிஞர் ஹாஃபிஸின் கல்லறை. அவர் மறைந்து 600 ஆண்டுகளுக்கு மேலாகியும், இளைஞர்கள் அங்கே வந்து பளிங்கில் விரல் வைத்து அவர் கவிதையை முணுமுணுக்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது என்று 2010இல் தண்டிக்கப்பட்ட இயக்குநர் ஜாஃபர் பனாஹி, 2025இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றார். இவற்றைக் கொண்டாடுவது அந்த மக்களின் பக்கம் நிற்பது.

5. "நேரில் போங்கள்."

போக முடிந்தவர்கள் போகட்டும். பணமோ உடல்நலமோ இல்லாதவர்கள் என்ன செய்வது? போர் மூண்டால் யாருமே போக முடியாதே! மேலும், திரை தூண்டும் ஆர்வம் திரையோடு நின்றுவிடுவதில்லை. ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தைத் தமிழ் ரசிகர்கள் திரையில் பார்த்துத்தான் நேசித்தார்கள். அதன் தமிழ் வடிவமாக 2022இல் 'அக்கா குருவி' வந்தது.

ஆகவே, பார்ப்பவர்களைக் கேலி செய்வதை விட்டு, கவனித்துப் பார்க்கச் சொல்வோம். கேமரா யாருடையது, யார் பேசவில்லை, எந்த ஊருக்குப் போகவில்லை என்று கேட்கட்டும். அடுத்ததாக ஈரானியர்களே எடுத்த படங்களைத் தேடிப் பார்க்கட்டும். 2025 ஜூனில் தெஹ்ரான் மீது குண்டு விழுந்தபோது, அந்த ஊர் மக்களைச் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி ஒருமுறையாவது பார்த்திருந்தவர்களால் அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் நினைக்க முடிந்திருக்காது. டிவி செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை அதுதான். அதை வீண் என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.