குளத்துக்கு மேடு தேடுவோம்

புதுச்சேரி நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகமும் அலையாத்தி மரங்களும் அடுத்தடுத்து நிற்கும் ஊர். திட்டு என்றால் நீர் சூழ்ந்த மேடு. இங்கே கொல்லையில் குளம் அமைக்க இடம் பார்க்கும் தோட்ட வடிவமைப்பாளருக்கு அந்தப் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது.

ஏரி வெட்டியவர்கள் பள்ளம் பார்த்து வெட்டினார்கள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் சுற்று வட்டார மழையை வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்டவை. அதே கண்ணோடு கொல்லையின் தாழ்ந்த மூலையைக் குளத்துக்கு ஒதுக்கும்போதுதான் வேலை கெடுகிறது. மீனும் அல்லியும் வளரும் சிறு குளத்துக்கு வெளித்தண்ணீர் ஆகாது. முதல் மழையிலேயே சேறும் உரமும் சாக்கடையும் அதற்குள் இறங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. அப்படியொரு நாளில் தாழ்ந்த குளத்தின் மீன்கள் தெருவுக்குப் போய்விடும்.

மண்ணுக்கு அடியிலும் ஆபத்து உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய மனைகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். குளத்தின் தரையைவிட அது 30 செ.மீ. உயர்ந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேல்நோக்கித் தள்ளும். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை அதைத் தாங்கிப் பிடிக்கும். கழுவுவதற்காக இறைத்த அன்றுதான் லைனர் ஷீட் பலூன்போல் எழும்பும். மெல்லிய சிமெண்ட் தரை விரிசல் விடும்.

இதைத் தடுக்கும் சோதனைக்குச் செலவு இல்லை. நவம்பரில், குறித்த இடத்தில் மூன்றடிக் குழி ஒன்று தோண்டி மறுநாள் காலை நீர்மட்டத்தை அளந்தால் போதும். ஒன்றரை அடியிலேயே தண்ணீர் நின்றால், தரைக்கு மேல் எழுப்பிய தொட்டியே சரி. இரண்டு சிமெண்ட் உறைகளை அடுக்கினாலும் தாமரை பூக்கும். நிரப்பப்போகும் போர்வெல் தண்ணீரின் உப்பையும் அன்றே டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிடலாம்.

அடுத்தது வெயில். அல்லிக்கும் தாமரைக்கும் நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். புதுச்சேரியில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆகவே மாடி வீட்டின் வடபுறம் ஜூனில் வெயிலில் காயும், டிசம்பரில் நிழலில் கிடக்கும். ஒரே நாள் போய்ப் பார்த்து இடம் குறிப்பவர் இதைத் தவறவிடுவார். வாஸ்து பார்க்கும் வீட்டுக்காரர் ஈசானிய மூலையைக் கேட்டால் மறுக்க அவசரம் வேண்டாம். அங்கே காலை வெயில் விழும், பிற்பகல் கொதிப்பை வீடே மறைக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் கிழக்கை அடைக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

தென்னையை விட்டுத் தள்ளியே இடம் பார்க்க வேண்டும். காய்க்கும் மரம் ஏறக்குறைய மாதம் ஒரு மட்டையை உதிர்க்கும். விழும் நெற்றுத் தேங்காய்க்கு லைனரும் தாங்காது, ஆளும் தாங்கமாட்டார்.

கொசுவை மறந்து இந்த ஊரில் எந்தத் தொட்டியும் கட்டக் கூடாது. கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் மையம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இயங்குகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். கப்பி மீன்கள் புழுக்களைத் தின்னும். ஆனால் மீன் செத்ததை யாராவது கவனிக்க வேண்டுமே! அதனால் சமையலறை ஜன்னலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ தெரியும் இடமே நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதோடு கம்பி வலையும் கட்டாயம். மோட்டாருக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் வேலையை ஒப்படைக்கக் கூடாது.

கோடையில் வரும் வாடிக்கையாளர் உடனே குழி வெட்டச் சொல்வார். அவரிடம் மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியாக ஒரு பருவமழைப் பார்வையைச் சேர்த்துக் கொடுக்கலாம்: நவம்பரில் குழியின் நீர்மட்டம், மதில்மேல் வெள்ளம் நின்ற கோடு, ஜூனிலும் டிசம்பரிலும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை வெயில் விழும் நேரம். கடப்பாரை அதற்குப் பிறகு இறங்கட்டும்.