தலைவர் பதவி என்ன ஏலச் சரக்கா?

 

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வகுப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கைந்து பேர் ஆசைப்படுகின்றனர். வகுப்பாசிரியர் வருகிறார். "வகுப்பறைக்கு யார் அதிக விலையில் சுவர்க் கடிகாரம் வாங்கித் தருகிறீர்களோ, அவர் தான் இந்த ஆண்டு தலைவர்" என்கிறார். மறுநாளே பெரிய கடிகாரம் ஒன்று வந்து விடுகிறது. எல்லாருக்கும் மணி தெரிகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை.

இது சரியா, தவறா?

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரனிடம் கேட்டேன். "கடிகாரம் கிடைச்சுதுல்ல தாத்தா, அப்புறம் என்ன?" என்றான். விளையாடப் போய் விட்டான். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் உதவி பண்றவன் ஒருத்தன் இருக்கான் தாத்தா. அவங்கப்பா மூட்டை தூக்கறவர். அவனால கடிகாரம் வாங்க முடியாதே" என்றான்.

அதைத் தான் நான் எதிர்பார்த்தேன்.

கடிகாரக் கதை கற்பனை. ஆனால், நம் தமிழகத்தில் சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்ட கதை உண்மை. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த போது, நாளிதழ்களில் அடுத்தடுத்துச் செய்தி வந்தது. கோவில் திடலில் ஊர் கூடும். அதிகத் தொகை கேட்டவருக்குத் தலைவர் பதவி. மற்றவர்கள் யாரும் மனு தாக்கல் செய்யக் கூடாது. பணம் கோவிலுக்கு. லட்சக்கணக்கில் ஏலம் போனது. இப்படிச் செய்வது குற்றம், நடவடிக்கை எடுக்கப்படும் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

"கோவிலுக்குத் தானே சார் குடுக்கறாங்க? சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சுடுதே" என்று பெரியவர்களே என்னிடம் வாதாடியது உண்டு. கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டுமானால் உண்டியல் வைத்து வசூலிக்கட்டும். நானும் என்னால் முடிந்ததைப் போடுகிறேன். அதற்காக என் ஓட்டை எடுத்து விற்க இவர்கள் யார்? காசு கொடுத்துப் பதவி வாங்கியவரிடம் போய், "ஐயா, எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "உன் ஓட்டிலா நான் வந்தேன்?" என்பார். லட்சத்தைப் போட்டவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதை, வட்டிக் கணக்கு படித்த நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

உண்மையாகவே ஒருவர் மட்டும் மனு கொடுத்தால், போட்டியின்றி அவர் தேர்வாவார். சட்டம் அதை ஏற்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. மற்றவர்களை மிரட்டி உட்கார வைத்து விட்டு, "ஒருமனதாக" என்று சொல்வதைத் தான் சொல்கிறேன்.

சரி, ஒரு சாதாரண ஆள் தேர்தலில் நிற்க என்ன வேண்டும்? 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வேட்புமனுவில் முன்மொழிய ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஊராட்சிக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது. டெபாசிட் கட்ட வேண்டும். 2019 தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய். தலைவருக்கு 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தால் அந்தப் பணமும் திரும்ப வந்து விடும்.

இன்னொரு விஷயம். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக் ஷா என்று தேர்தல் ஆணையம் தரும் சின்னம் தான். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத் தான் கட்சிகள் மோதும். எந்தக் கட்சியிலும் சேராத டீக்கடைக்காரரும், தையல்காரரும், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவும் நிற்கலாம் என்பதற்காகத் தான் இந்த ஏற்பாடு. ஒரு வார்டில் சில நூறு ஓட்டுகள் தான் இருக்கும். எல்லா வீட்டுக்கும் நடந்தே போய் வந்து விடலாம்.

அந்தச் சில நூறு ஓட்டில் ஒவ்வொன்றும் எத்தனை கனம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் என்றால் தேர்தல் வேலை உண்டல்லவா? 2006ல் ஓட்டு எண்ணும் மேஜையில் இருந்தேன். ஒரு வார்டில் இரண்டு பேருக்கும் சரியாக 74 ஓட்டு. மறுபடி எண்ணினோம். மறுபடியும் 74. விதிப்படி பெயர்களைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்தார்கள். தோற்றவரின் மனைவி ஓரமாக நின்று, "எங்க சின்ன மாமனார் ஓட்டுப் போடப் போகாம வயலுக்குப் போயிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த மாமனார் அதன் பிறகு எந்தத் தேர்தலுக்கும் மட்டம் போட்டிருக்க மாட்டார்!

சீட்டுக் குலுக்கல் என்றதும் உங்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வர வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரில் 30 குடும்புகள். ஒவ்வொன்றுக்கும் தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வர். உங்களைப் போன்ற ஒரு சிறுவன்! முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது. இந்த ஒரு விதிக்காகவே அந்தக் கல்வெட்டைக் கும்பிடலாம். ஆனால், குழந்தைகளே, பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் நான் நல்ல ஆசிரியன் இல்லை. வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே நிபந்தனை. நிலமில்லாத உழவனின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே முடியாது. பெண்களின் பெயரும் தான்.

அந்தக் குடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டது நம் அரசியல் சட்டம். 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்த 73வது திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்றது. பெண்களுக்கும், ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் இடம் தந்தது. தமிழகத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் திறந்த கதவை ஊர் சாத்தியதும் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. செல்வாக்கு உள்ளவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1996ல் இருந்து பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. மனு கொடுக்க ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில் தான் அந்த நிலை மாறியது. பத்து ஆண்டுகள் என்றால், நீங்கள் பிறந்து ஐந்தாம் வகுப்புக்கு வரும் வரை!

தேர்தலே நடக்காத காலமும் வருகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அலுவலர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால், தண்ணீர் வராவிட்டால் காலையில் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

இவ்வளவு பேசுகிற வாத்தியார் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி தான்.

2019ல் என்னிடம் ஒரு பெண் வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள். அவள் தெரு, மேல்நிலைத் தொட்டியில் இருந்து கடைசித் தெரு. குழாயில் நூல் மாதிரித் தான் தண்ணீர் வரும். "சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. படிச்சவங்க. நம்ம வார்டுல நில்லுங்க சார்" என்றாள். ஊரில் யார் நிற்பது என்று ஏற்கனவே நாலு பெரியவர்கள் பேசி முடித்திருந்தது எனக்குத் தெரியும். "எனக்கெதுக்கும்மா வம்பு?" என்று சொல்லி விட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் குடியுரிமைப் பாடம் நடத்திய வாய் சொன்ன பதில் அது.

கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். "அப்ப நானே நிக்கறேன் சார். முன்மொழியவாவது வருவீங்களா?" என்றாள். அதற்கும் மறுக்க எனக்கு முகம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி மூன்று முறை ஆள் வந்தது. அவள் வாங்கவில்லை. கணவரும் பிள்ளைகளும் கூட வர, மாலை நேரத்தில் வீடு வீடாகப் போனாள். கட் அவுட் இல்லை, மைக் இல்லை. முடிவில் 11 ஓட்டில் தோற்றுப் போனாள்.

ஆனால், நடந்தது என்ன தெரியுமா? போட்டி என்று வந்து விட்டதால், எதிர்த்து நின்றவரும் ஓட்டுக் கேட்டு அந்தக் கடைசித் தெருவுக்குள் வர வேண்டியதாயிற்று. பழைய குழாயைக் குனிந்து பார்த்தார். ஜெயித்த ஆறாம் மாதம் அங்கே தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார். ஏலமாகவோ, 'ஒருமனதாகவோ' முடிந்திருந்தால், அவர் அந்தத் தெருவுக்கு வந்திருக்கவே மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கிராமசபைக் கூட்டம் தவறாமல் போவாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், 2022ல் இருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. வரவு செலவு வாசிக்கும் போது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வாள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடோ, அப்பாவோடோ நீங்களும் போய் ஓரமாக உட்காருங்கள். ஓட்டுப் போட வயது இல்லை; காது கொடுத்துக் கேட்க வயது எதற்கு?

போன மாதம் சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். "அடுத்த தேர்தல்லயும் நிக்கப் போறேன் சார். இந்த தடவை கையெழுத்து மட்டும் பத்தாது. தெருத்தெருவா என் கூட வரணும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலிக்கு இப்போதே தைலம் தேய்த்துக் கொண்டிருக்கிறேன்.