படம் பார்ப்போரும் பழுது சொல்வோரும்

2024-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்ப் படத் தயாரிப்பாளர் சங்கமொன்று சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகி, புதிய படம் வெளிவந்து மூன்று நாட்கள் கழியுமட்டும் இணையத்தில் எவரும் அதனை விமரிசிக்கலாகாதென்று ஆணையிடும்படி வேண்டிக்கொண்டது. விமரிசனம் கருத்துரிமையின் பாற்பட்டதென்று கூறி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அம்மறுப்புத் தக்கதேயென்பது நம் துணிபு. எனினும், வழக்குத் தொடுத்தாரின் மனக்குறை முழுதும் பொய்யென்று சொல்ல நாம் துணியோம்.

முதன்மூன்று நாட்களில் விமரிசனம் யாருக்கு வேண்டும்? இண்டூரிலிருந்து நாம் புதுப்படம் காணப் பேருந்தேறித் தர்மபுரிக்கன்றோ செல்கிறோம்! வழிச்செலவும், நுழைவுச்சீட்டும், இடைவேளைத் தின்பண்டமும் சேர்ந்தால், நால்வருள்ள குடும்பத்தில் ஒருவரது ஒருநாட் கூலி அங்கேயே கரைந்துபோம். அக்கூலியை எண்ணிக் கொடுக்குமுன் 'படம் எப்படி?' என்று வினவுதல் குற்றமாமோ? சந்தையிற் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கும் அம்மையாரை எவருந் தடுப்பதில்லை. மூன்றுநாட் சென்றபின் கிடைக்கும் அறிவு, காசை இழந்தார்க்கு ஆறுதலாகலாமேயன்றி உதவியாகாது.

இனி, மற்றப் பக்கத்தையும் நோக்குவோம். படம் முடியுமுன்னரே அரங்கின் வாயிலில் நின்று தீர்ப்புரைப்பாரும், நடிகரின் உடலையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவாரும் இன்று பெருகிவிட்டனர். பாட்டைப்பற்றியோ, 'பாடல்கள் பரவாயில்லை' என்பதோடு கடன் தீர்ந்தது! பல திங்கள் உழைத்து இசையமைத்தானுக்கு இரண்டு சொற்களே கூலி. எந்தப் பாட்டு கதையை நடத்திச் சென்றது, எது வழியை மறித்தது, எங்கே வாத்தியங்கள் சொல்லை விழுங்கின என்பவற்றைச் சொல்வார் அரியர். 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்திற்கு ஆனந்தவிகடன் இட்ட 62.5 மதிப்பெண்ணை இன்றும் வியந்து பேசுவாருண்டு. அந்த அரை மதிப்பெண் எதன்பொருட்டு வந்ததென்பதை நம்மிடம் எவரும் விளக்கியதில்லை!

இவ்விடத்தில் கல்கி கிருஷ்ணமூர்த்தியவர்களை நினையாதிருத்தல் இயலாது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்தவிகடனில் ஆடல் பாடல்களை ஆராய்ந்தெழுதியவர் அவர். நகைக்க வைப்பார், ஆயினும் காரணங் காட்டியே நகைப்பார். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியதையொட்டிப் பெரும் பூசல் எழுந்தபோது, கேட்போர்க்கு விளங்கும் மொழியிற் பாடவேண்டுமென்று ஓயாது வாதாடினார். பிறர் பாட்டை எடைபோட்ட அவரே, 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்திற்குப் பாட்டெழுதித் தம்மையும் தராசில் ஏற்றிக்கொண்டார். இத்துணிவு இன்றைய விமரிசகருள் எத்தனை பேர்க்கு உண்டு?

விமரிசனம் படத்தைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவோர் 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தை எண்ணிப் பார்க்கட்டும். பாட்டே இல்லாத அப்படத்தை அறிந்தோர் புகழ்ந்தனர்; அதனால் அன்று கூட்டம் வந்துவிடவில்லை. புகழுரைக்கு இல்லாத ஆற்றல் இகழுரைக்கு மட்டும் எங்ஙனம் வந்தது?

நம் ஊர்ப்பக்கத்தில் பாரதக் கூத்து நிகழும் இரவுகளில் ஒரு பெரியவர் விடியுமளவும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். இடையில் ஒரு சொல்லும் பேசார். வேடங் கலைக்குமிடத்திற்குத் தாமே நடந்து சென்று, "தம்பி, குரலெடுத்தது நல்லாருந்துச்சு, சபதத்துல சொல்லுதான் ஒண்ணும் விளங்கலப்பா," என்பார். அக்கலைஞர் அவரைச் சினந்ததை நாம் கண்டதில்லை. அடுத்த முறை அவ்வடிகளை அவர் நிறுத்திப் பாடக் கேட்டிருக்கிறோம்.