போகாத தந்தி

அண்மையில் எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது ஓர் எண்: 252. 2025 அக்டோபர் கடைசியில் ஜமைக்காவைத் தாக்கிய மெலிஸ்ஸா சூறாவளிக்குள் காற்று ஒரு கணம் மணிக்கு 252 மைல், அதாவது சுமார் 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது என்று அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் சரிபார்த்து உறுதி செய்திருக்கிறது. விமானத்திலிருந்து புயலுக்குள் போடப்படும் கருவிகள் பதிவு செய்த காற்றில் இதுதான் உச்சம். 2010இல் பசிபிக் கடலின் மெகி புயலில் கிடைத்த 248 மைல் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

அக்டோபர், நவம்பர் வந்தால் நான் சரியாகத் தூங்குவதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நம் கடலில் ஒன்றும் இல்லாத நாட்களில் கரீபியன் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெலிஸ்ஸா ஜமைக்காவின் தென்மேற்கே நியூ ஹோப் அருகில் கரையேறியபோது இங்கே 28ஆம் தேதி இரவு பத்தரை மணி; அங்கே நண்பகல். மைய அழுத்தம் 892 மில்லிபார் என்று வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த நேரத்தில் உலகெங்கும் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் விழித்திருந்தார்கள். விமானம் அனுப்பும் செய்தி வெறும் இலக்கக் கோவையாக வரும். பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற மாலுமி என்று யார் யாரோ அதை உடனுக்குடன் பிரித்துப் படித்து, எந்த உயரத்தில் என்ன காற்று என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யாருக்கும் இது வேலையில்லை. காற்றின் மேல் உள்ள பிரியம், அவ்வளவுதான்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழ நீளம்கூட இல்லாத ஒரு குழாய், அதன் தலையில் சின்ன பாராசூட். எட்டாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் புயலின் மையத்தைச் சுற்றி நிற்கும் கண்சுவரைக் கிழித்துக்கொண்டு போகும் விமானத்திலிருந்து அதைக் கீழே விடுவார்கள். கடலில் விழும்வரை உள்ள சில நிமிடங்கள்தான் அதன் ஆயுள். அதற்குள் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அளந்து மேலே அனுப்பிவிடும். 252 என்பது அப்படி ஒரு குழாய் கடலில் விழுவதற்குச் சற்று முன் அனுப்பிய சேதி. அந்த நாட்களில் குலுக்கல் தாங்காமல் பாதியில் திரும்பிய விமானமும் உண்டு. அமெரிக்க அரசு நிதி இல்லாமல் முடங்கிக் கிடந்த அக்டோபர் அது. சம்பளம் கைக்கு வராமலே அந்த மனிதர்கள் திரும்பத் திரும்பப் புயலுக்குள் போய் வந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

252 என்ற செய்தி வந்த மறுநாள் அண்ணன் மகன் அழைத்தான். “சித்தப்பா, ஜமைக்காவுல நானூறு கிலோமீட்டர் காத்து வீடுகளை அடிச்சுதாமே!” ஒரு தொலைக்காட்சியில் அப்படித்தான் சொன்னார்களாம்.

என் பழைய மனக்குறை இதுதான். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். காற்றின் வேகம் என்று ஓர் எண்ணை மட்டும் சொல்வது பாதிச் செய்தி. எந்த உயரத்தில்? எவ்வளவு நேரத்துச் சராசரி? 405 என்பது கடலுக்கு மேலே, அந்தரத்தில், ஒரு கண நேரம் வீசிய காற்று. கரையேறும்போது தரையருகே மெலிஸ்ஸாவின் நிலைத்த வேகம் சுமார் 295 கிலோமீட்டர் என்றுதான் மயாமியின் சூறாவளி மையம் மதிப்பிட்டது. அது பத்து மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடச் சராசரி. நம் இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரி எடுக்கிறது. உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது பத்து நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று கணக்கு வந்தால் மூன்றும் சரியாக இருக்கலாம். 295 என்பதும் சின்ன எண் அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரில் காட்டும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஜமைக்காவின் பிளாக் ரிவர் என்ற ஊர் உருக்குலைந்து போனதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஓர் எண் தேவையில்லை. தரையில் நட்ட கருவி அளந்த உச்சம் இன்றும் 408 கிலோமீட்டர்தான். 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலின்போது ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் பதிவானது அது. உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொள்ள 2010 ஆயிற்று. கருவி சரியாக இருந்ததா, காற்றா கோளாறா என்று தோண்டித் துருவிப் பார்த்த பிறகே சாதனை என்றார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, கருவிகளின் கதையை விரிவாக எழுதுவோம் என்று ஒரு தகவலைச் சரிபார்க்க எரிக் லார்சனின் ‘ஐசக்’ஸ் ஸ்டார்ம்’ புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். 1999இல் வந்த புத்தகம். எத்தனையோ முறை படித்தது. இந்த முறையும் கீழே வைக்க முடியவில்லை, மூன்று நாள் போய்விட்டது.

நான் தேடிய தகவல் இது. 1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை, டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவு. வானிலை அலுவலகக் கூரையில் இருந்த காற்றுமானி மாலை ஆறே கால் மணியளவில் மணிக்கு நூறு மைல் என்று காட்டிவிட்டுக் காற்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வீசியதை அளக்க அங்கே எதுவும் இல்லை. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த ஊர். அதன் மிக மேடான இடமே கடல்மட்டத்துக்கு ஒன்பதடி மேலே இல்லை. வந்த கடல் பதினைந்து அடிக்கு மேல். குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். எட்டாயிரம் என்பதே பலரும் சொல்லும் கணக்கு. அங்கே வானிலை அதிகாரியாக இருந்த ஐசக் கிளைன், பெருஞ்சூறாவளி இந்த ஊரை அழிக்கும் என்று பயப்படுவது அபத்தம் என்று 1891இல் நாளிதழில் எழுதியவர். அந்த இரவு அவர் வீடு நொறுங்கி, கருவுற்றிருந்த மனைவி கோராவை வெள்ளம் கொண்டுபோனது. நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். அவருக்குச் சேர வேண்டிய செய்தி அவருக்குச் சேரவில்லை.

அந்தச் செய்தி ஹவானாவில் இருந்தது.

ஹவானாவின் பெலென் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு 1870இல் வந்து சேர்ந்தவர் பெனிட்டோ வீன்யெஸ் என்ற ஸ்பானிய இயேசு சபைப் பாதிரியார். புயல் கடந்த ஊர்களுக்கெல்லாம் போய், விழுந்த மரங்கள் எந்தத் திசையில் தலைசாய்த்துக் கிடக்கின்றன என்று குறித்துக்கொண்டு வருவார். உயரத்தில் இழையோடும் கீற்று மேகங்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்தே புயலின் மையம் இருக்கும் திசையைச் சொல்வார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கைதான் கரீபியனில் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்ட முதல் சூறாவளி முன்னறிவிப்பு என்பார்கள். தீவுக்குத் தீவு தந்திக்காரர்களையும் கப்பல்காரர்களையும் இணைத்து அவர் ஒரு வலை பின்னினார். 1893இல் தம் கடைசி ஆய்வுக் கட்டுரையை முடித்த சில நாட்களில் கண்மூடினார். கியூபாவின் மீனவர்களும் மாலுமிகளும் அவர் சொல்லை நம்பினார்கள்.

ஸ்பெயினோடு நடந்த 1898 போருக்குப் பிறகு கியூபா அமெரிக்க ராணுவத்தின் கைக்கு வந்தது. அமெரிக்க வானிலைத் துறை ஹவானாவில் தன் அலுவலகத்தைத் திறந்தது. கியூபர்கள் ஊரைப் பீதியில் ஆழ்த்துகிறார்கள் என்று அதன் அதிகாரிகளுக்கு ஓர் எண்ணம். 1900 ஆகஸ்ட் கடைசியில், துறைத் தலைவர் வில்லிஸ் மூரின் முயற்சியால், அரசுத் தந்திக் கம்பிகளில் கியூப ஆய்வாளர்களின் புயல் செய்திகள் போகத் தடை வந்தது. சில நாட்களிலேயே கியூபாவைக் கடந்தது அந்தப் புயல். வாஷிங்டன் அது ஃபுளோரிடா பக்கம் வளைந்து அட்லாண்டிக்குக்குப் போய்விடும் என்றது. வீன்யெஸுக்குப் பின் பெலெனில் அமர்ந்த பாதிரியார் லொரென்சோ கங்கோயித்தி வானத்தைப் பார்த்தார். அது வலுப்பெற்று டெக்சாஸ் நோக்கிப் போகிறது என்று கண்டுகொண்டார். அவர் கண்டது கால்வெஸ்டனுக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடப்பேன். அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை, கருவிக்கும் பஞ்சமில்லை. அந்த ஊர்க் காற்றோடு முப்பது வருடம் பழகிய கூடத்தின் கணிப்பைக் கேட்க மாட்டேன் என்ற செருக்குதான் அந்தக் கம்பியை அடைத்தது. கண்டவர் சொல்ல வேண்டும். சொன்னது புயலின் வழியில் நிற்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். அளப்பது அதற்காகத்தான். ‘அமெச்சூர்கள் எல்லாம் எதற்குப் புயல் பற்றிப் பேசுகிறார்கள்’ என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் இந்தப் பதில்தான் இருக்கிறது. தவறாகச் சொன்னால் திருத்துங்கள், வாயை அடைக்காதீர்கள். மரம் விழுந்த திசையை எழுதிவைத்த வீன்யெஸும் அரசு அதிகாரி அல்ல, ஒரு கல்லூரிப் பாதிரியார்.

மெலிஸ்ஸா ஜமைக்காவைக் கடந்து, மறுநாள் விடியும் முன் கியூபாவின் சாந்தியாகோ மாகாணத்தில் ஏறியது. அதற்குள் அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குப் போயிருந்தார்கள். கியூபா, அமெரிக்கா இரு அரசுகளுக்கும் இடையே அறுபது ஆண்டுக்கு மேலாகப் பேச்சு சரியில்லை. ஆனாலும் புயல் வந்தால் அமெரிக்க விமானம் கியூப வான்வெளிக்குள் போக அனுமதி உண்டு. கியூப ரேடார் காட்டுவதை மயாமி எடுத்துக்கொள்கிறது. 1900இல் அடைத்த வழி இன்று திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும்.