ஒரே முட்டை, இரு வாழ்வு



"அப்பன் குடிகாரன், மகன் மட்டும் எப்படி இருப்பான்? அது இரத்தத்திலேயே ஊறியது" என்னும் பேச்சு நம் கம்மாபுரம் வட்டாரத்தில் திண்ணைதோறும் கேட்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று குலத்தையே காரணம் காட்டுவர். திருமுழுக்குப் பெற்ற வாய்களே இவ்வாறு பேசுவதுதான் வேதனை. இத்தகையோர் ஒருமுறை தேன்கூட்டைத் திறந்து பார்த்தல் நலம்.

விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகள் பூக்கும் காலத்தில் அங்கே மொய்க்கும் சிறு தேனீயை நாம் அறிவோம். அதனைப் பெட்டியில் வளர்க்கத் தமிழகத்து ஏழை உழவருக்குக் கற்பித்தவர் ஒரு குருவே. திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய சேசு சபை அருட்தந்தை நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கேற்ற பெட்டியை உருவாக்கி, 1911 முதல் 1917 வரை ஊர் மக்களுக்குப் பயிற்சி அளித்தார். 'நியூட்டன் பெட்டி' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. (பட்டாணிச் செடியை ஆராய்ந்து மரபியலுக்கு வித்திட்ட மெண்டல் அடிகளாரும் தம் மடத்தில் தேனீ வளர்த்தவரே.)

அக்கூட்டினுள் நிகழும் புதுமை யாதெனில், அரசித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையினின்றே பிறக்கின்றன. மூன்றாம் நாள் முட்டை பொரிந்து புழு வெளிவரும். செவிலித் தேனீக்கள் தம் தலையிலுள்ள சுரப்பிகளினின்று சுரக்கும் பால் போன்ற கூழை எல்லாப் புழுக்களுக்கும் முதலில் ஊட்டுகின்றன. ஏறக்குறைய மூன்று நாட்களுக்குப் பின் வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த எளிய உணவே கிடைக்கும். அரசியாக வேண்டிய புழுவோ, மணிலாக்கொட்டை போலத் தொங்கும் தனி அறையில், இறுதிவரை அக்கூழையே உண்ணும். பின்னர் இரண்டும் கூட்டுப்புழுவாகி உருமாறும். மேனாட்டுத் தேனீயில் அரசி 16 நாளிலும் வேலைக்காரி 21 நாளிலும் வெளிவரும். அரசி சில ஆண்டுகள் வாழ்ந்து முட்டையிடும். வேலைக்காரியோ பூக்காலத்தில் ஏறக்குறைய ஆறு வாரம் உழைத்து மடியும்.

மரபணு ஒன்றே; வாழ்வு ஏன் வேறாயிற்று? மரபணுவை ஒரு பெரிய நூல் எனக் கொள்வோம். அதன் எழுத்துக்களை மாற்றாமலே, சில பக்கங்களின்மீது 'மெதில்' என்னும் சிறு வேதிக்குறிகள் இடப்படுகின்றன. எப்பக்கம் வாசிக்கப்படும், எது மூடியிருக்கும் என்பதில் அக்குறிகளுக்குப் பங்குண்டு. 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அறிஞர்கள், அப்போதுதான் பொரிந்த புழுக்களில் இக்குறியிடும் நொதியை அடக்கினர். அரசிக்குரிய உணவு முறையின்றியே, அவற்றுள் பெரும்பாலானவை வளர்ந்த சூலகத்தோடு அரசியின் சாயலில் வெளிவந்தன!

தேனீயின் விதியை அப்படியே மனிதன்மீது ஏற்றுவது தவறு. பூச்சிகளுள்ளும் பழ ஈயின் மரபணுவில் இக்குறிகள் மிக அரிது. எனினும் மனிதரைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில், போரின் கொடுமையால் ஹாலந்து நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. அப்பஞ்சத்தில் கருவுற்ற தாய்மார் பெற்ற பிள்ளைகளை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவில், அவர்தம் உடன்பிறந்தாரைவிட மெதில் குறிகள் குறைந்திருந்தன. இது 2008இல் வெளியான செய்தி. மாமியார், கணவர், பிள்ளைகள் எல்லாரும் உண்டபின் மிஞ்சிய சோற்றைக் கர்ப்பவதியான மருமகள் உண்ணும் இல்லங்கள் நம் பங்கிலும் உள்ளன. அவ்வீட்டுப் பெரியவர்கள் இவ்வரியை மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக.

"அப்படியானால் ஒருமுறை விழுந்த குறி அழியாதோ?" என்று கேட்பீர்கள். 2012இல் அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். முதிர்ந்த தேனீக்கள் தேன் தேடிச் சென்றிருந்த வேளையில், கூட்டிலிருந்த செவிலித் தேனீக்களை அகற்றிவிட்டனர். திரும்பி வந்தவற்றுள் ஒரு பகுதி, தாம் என்றோ விட்ட செவிலிப் பணியை மீண்டும் மேற்கொண்டு புழுக்களுக்கு ஊட்டத் தொடங்கின. அவற்றின் மூளையை ஆராய்ந்தபோது, மரபணுவின்மீது இருந்த குறிகளுட் பலவும் செவிலிக்குரிய பழைய அமைப்புக்கே திரும்பியிருந்தன.