பன்னிரண்டு பாடல்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும்

நோயுற்றவரைக் காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆப்பிள், சாத்துக்குடி, இளநீர், சத்துமாவு என்று எதையேனும் பையில் இட்டுக்கொண்டுதான் படியேறுகிறார்கள். அன்பின் வெளிப்பாடான அந்தப் பையில் பாதியை நோயாளியால் உண்ண முடிவதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் ஆகா. சர்க்கரை நோயாளிக்குப் பழச்சாறு ஆகாது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்குத் தண்ணீர்கூடச் சில மணி நேரம் மறுக்கப்படுகிறது. எல்லா நோயாளிக்கும் ஏற்ற கொடை ஒன்று உண்டா என்று கேட்டால், பெரும்பாலானோர்க்கு ஏற்றதாக நாங்கள் ஒன்றைச் சொல்வோம். அவருக்கென்றே தேர்ந்து அடுக்கிய ஒரு பாடல் தொகுப்பு அது.

இதை வலியுறுத்த எங்கள் வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் வேலை ஷிப்ட் முறையில் நடக்கிறது. நோயாளியைப் பார்க்கும் நேரமும் மகனின் ஷிப்ட் முடியும் நேரமும் ஒத்துப்போவது அரிது. இரவு ஷிப்ட் முடித்து மின்சார ரயிலைப் பிடித்து வருபவர், தந்தையின் கட்டிலருகே அமர்ந்தபடியே உறங்கிப்போவதை எங்கள் செவிலியர் நாள்தோறும் காண்கின்றனர். ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அந்த மணி நேரங்கள் முழுவதும் உடனிருக்க எந்தக் குடும்பத்துக்கும் இயலாது. உடனிருக்க இயலாதவர் தம் இருப்பின் ஒரு பகுதியை விட்டுச் செல்ல வழி ஏதும் உண்டா? உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கைப்பேசியை நோயாளியின் கையில் கொடுத்து, “யூடியூபில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவதை நாங்கள் தொகுப்பு என்று கருதவில்லை. எல்லாம் இருக்கும் இடத்தில் எதைத் தேர்வது என்ற சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. காய்ச்சலும் களைப்பும் உள்ளவருக்கு அது சிறிய சுமையன்று. தேர்வதுதான் கொடை, தேர்ந்ததற்கு ஒரு காரணம் சொல்வது அந்தக் கொடையின் உயிர்.

இக்கலை நமக்குப் புதிதன்று. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒலிநாடாக் காலம் நினைவிருக்கும். வெற்று கேசட் ஒன்றையும், தாளில் எழுதிய பாடல் பட்டியலையும் பதிவுக் கடையில் கொடுத்தால், சில நாட்களில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். அதாவது ஆறு அல்லது ஏழு பாடல். இடம் குறைவு என்பதால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். சோகப் பாடல்களுக்கு ஒரு நாடா, மழைக்கு ஒன்று, தாலாட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று பொருள்வாரியாகப் பிரிப்பதும் வழக்கம். நண்பனின் திருமணத்துக்கு அத்தகைய நாடாவைப் பரிசளித்தவர்கள் உண்டு. அந்தக் குறைவான இடமே தேர்வுக்கு மதிப்பைத் தந்தது. ஆகவே இன்றும் பன்னிரண்டு பாடல் போதும் என்கிறோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். நான்கு மணி நேரச் சிகிச்சையில் கால் பங்கு.

காரணம் சொல்லும் கலையை நமக்குக் கற்பித்தது வானொலி. தமிழகம் முழுவதும் ஒரு தலைமுறை இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, இரவில் ‘இரவின் மடியில்’ என்று பொழுதுக்கும் மனநிலைக்கும் ஏற்பப் பாடல்களைத் தொகுத்து வழங்கிய நிலையம் அது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைப் பாடகர்களின் குரல்களுக்கு நிகராக நேயர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாடலுக்கு முன் அவர்கள் பேசிய இரண்டொரு வாக்கியம், அப்பாடலை நமக்காகவே ஒலிக்கச் செய்தது. கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வரும் முதியோர்க்கு அந்நிகழ்ச்சிப் பெயர்கள் விட்டுவந்த வீட்டின் பெயர்களைப் போன்றவை. அவர்களுக்குத் தொகுப்பு செய்யும் பேரப்பிள்ளைகள் பாடலிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த நிகழ்ச்சிகளின் பெயர்களைச் சொல்லிக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

அந்த அறிவிப்பாளர்களைப் போலவே, ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் உங்கள் குரலில் ஒரு வாக்கியத்தைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். “நீங்கள் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது முணுமுணுத்த பாட்டு இது” என்ற அளவு போதும். இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கும் மகனின் குரல், அதே வேளையில் வார்டில் தந்தையின் காதில் ஒலிக்கும். பாடலை எவரும் ஒலிக்கவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தை அவரன்றி வேறெவரும் சொல்ல முடியாது.

எந்தக் காலத்துப் பாடல்களைத் தேர்வது? உளவியலாளர் கூறும் செய்தி ஒன்று இங்கே உதவும். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையுள்ள காலத்து நினைவுகளே முதுமையில் மிகத் தெளிவாக மேலெழுகின்றன. இசைக்கும் இது பொருந்தும். எனவே நோயாளி பிறந்த ஆண்டோடு பதினைந்தைக் கூட்டிப் பாருங்கள். 1962இல் பிறந்தவர், இளையராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’ 1976இல் வெளிவந்தபோது 14 வயதினர். 1978இல் பிறந்தவர், ஏ. ஆர். ரஹ்மான் அறிமுகமான ‘ரோஜா’ 1992இல் வந்தபோது அதே வயதினர். இருவரையும் “பழைய பாட்டுப் பிரியர்கள்” என்று ஒரே கூடையில் போடுவது தவறு.

இளையோர் இங்கே ஓர் இடர்ப்பாட்டைச் சொல்வதுண்டு: “தாத்தாவின் பாடல்கள் எனக்குத் தெரியாது, என் பாடல்கள் அவருக்குப் பிடிக்காது.” இந்த இடைவெளியில் பாலமாக அமைவது கவர் பாடல். ஏற்கெனவே ஒருவர் பாடிய பாடலை மற்றொருவர் தம் முறையில் மீண்டும் பாடுவது அது. திரைத்துறைக்கு வெளியே இயங்கும் சுயாதீன இசைக்குழுக்கள் பலவும் இவ்வழியாகவே மக்களிடம் அறிமுகமாயின. கேரளத்தின் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ 2013 முதல் கப்பா தொலைக்காட்சியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சி வழியே புகழ்பெற்றது. பழைய பாடல்களைக் கோத்து அவர்கள் அளித்த ‘நாஸ்டால்ஜியா’ என்னும் தொகுப்பு பலரும் விரும்பிக் கேட்டது. பாஸ்டனிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் 2011இல் தொடங்கிய இந்திய இசைக்குழு, பல நாட்டு மாணவரைக் கொண்டு ரஹ்மானின் பாடல்களை இசைத்தது. திரையிலும் இதற்கு இணையுண்டு. ‘படகோட்டி’ (1964) படத்துக்கு வாலி எழுதி, விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த பாடல் ஒன்றின் சொற்கள், நாற்பது ஆண்டு கழித்து ‘நியூ’ (2004) படத்தில் ரஹ்மானின் புதிய மெட்டில் ஒலித்தன.

“மூலப் பாடலைக் கெடுத்துவிட்டார்கள்” என்பது மூத்தோரின் வழக்கமான தீர்ப்பு. அத்தீர்ப்பை நாங்கள் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்தால், எது சிறந்தது என்ற வாதம் தொடங்கும். மாத்திரை, பரிசோதனை முடிவு, கட்டணம் ஆகிய மூன்றைத் தவிர வேறு பேச்சில்லாத கட்டிலருகே அத்தகைய வாதம் ஒரு நல்வரவு. வாரக்கணக்கில் பிறர் சொல்வதைக் கேட்டே பழகிய நோயாளி, அப்போது தாம் நன்கறிந்த ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவராகிறார்.

பிறர் மெட்டை எடுத்தாள்வது தரக்குறைவு என்று எண்ணுவோர்க்கு, நம் வட்டாரத்தின் வரலாற்றையே சான்றாகக் காட்டலாம். கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், நம் மாவட்டத்தின் திருத்தணியில் தம் முதற்கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு. அவருடைய குடும்பம் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அந்நாளில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட தீட்சிதர், அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். ‘நோட்டுஸ்வரம்’ எனப்படும் அவை ஏறத்தாழ 40 உள்ளன. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இன்று ஆலைகள் நிறைந்திருக்கும் அதே மணலியில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேதை கவர் பாடல் செய்திருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து ஆலைகளில் உழைப்போரும் எங்கள் வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். பலருக்கு உடனிருக்க உறவினர் எவரும் இல்லை. பக்கத்துக் கட்டிலாரோடு பேச மொழியும் இல்லை. ‘ரோஜா’வின் பாடல்கள் இந்தியிலும் அதே மெட்டில் பெரும் வரவேற்புப் பெற்றவை. சொல் புரியாவிடினும் மெட்டு புரியும். ஊரிலுள்ள குடும்பத்தார் கைப்பேசி வழியே பாடல்களையும் தங்கள் குரலையும் அனுப்பிவைக்க, உடன் வேலை செய்யும் நண்பர்கள் உதவினால் அது பேருதவி.

இசை மருந்தாகுமா என்று கேட்போர்க்கு எங்கள் விடை அளவோடு கூடியது. 2015இல் ‘தி லான்செட்’ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 73 மருத்துவ ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 நோயாளிகளின் விவரங்களை, ஒருங்கே ஆராய்ந்தது. அறுவை சிகிச்சையின்போதும் அதற்கு முன்னும் பின்னும் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிநிவாரணியின் தேவையும் குறைந்திருந்தன. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. பாடலை நோயாளியே தேர்ந்தாரா பிறர் தேர்ந்தாரா என்பதும் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. ஆகவே, தேர்ந்தெடுத்த தொகுப்பு நோயை விரைந்து குணமாக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்து மருந்தாகவே தொடர வேண்டும். நோயாளி தாம் நினைக்கப்படுகிறார் என்பதை அறிவது வேறொரு தேவை; அதை எந்த அளவுகோலும் அளப்பதில்லை. நாங்கள் பேசுவது அதைப் பற்றியே.

சில நெறிகளையும் கூறியாக வேண்டும். வார்டில் ஒலிபெருக்கியில் பாடல் வைக்கலாகாது. நோயாளி அறைகளில் இரவு ஒலி 30 டெசிபெல்லை மிஞ்சாதிருப்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஒருவருக்கு இனிய பாடல் அடுத்த கட்டிலாருக்குத் தூக்கக்கேடு. இயர்போன் பயன்படுத்துங்கள், ஆனால் ஒருவர் காதில் வைத்ததை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். ஒலியளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரமே பாதுகாப்பானது என்பது அதே நிறுவனத்தின் வரம்பு. அருகில் நின்று பேசுபவரின் குரல் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைத்தால் கவலையில்லை. செவிலியர் அழைப்பதும் கருவிகளின் எச்சரிக்கை மணியும் நோயாளியின் காதில் விழ வேண்டும். எனவே ஒரு காதில் மட்டும் அணிவது நன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் செவிலியரின் இசைவு பெற்ற பின்னரே எதையும் செய்யுங்கள்.

இவை அனைத்தினும் முதன்மையானது நோயாளியின் விருப்பம். சிலருக்கு அமைதியே வேண்டும். கீமோதெரபியால் குமட்டல் உள்ள நாளில் கேட்ட பாடல், பின்னர் எப்போது கேட்டாலும் அந்தக் குமட்டலையே நினைவூட்டக்கூடும். ஆகையால் அவருக்கு மிகப் பிடித்த பாடலை அத்தகைய நாளில் ஒலிக்கவிடாமல் காத்து வையுங்கள். மறைந்த துணையை நினைவூட்டும் பாடல் கண்ணீரை வரவழைக்கலாம். கண்ணீர் வந்ததனாலேயே அது தவறான பாடலாகிவிடாது. ஆனால் அவ்வேளையில் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். நிறுத்தும் உரிமை எப்போதும் கேட்பவருடையது, “ஏன் நிறுத்தினீர்கள்?” என்று வினவாதீர்கள்.

இன்று இரவே தொடங்கலாம். ஒரு தாளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிடுங்கள். ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமைக்கையில் பாடியவை, ரயில் பயணம், மழை, ஒரே பாடலின் இரண்டு வடிவங்கள். முதல் ஆறை நோயாளியின் காலத்திலிருந்தும், அடுத்த நான்கை அவற்றின் புதிய வடிவங்களிலிருந்தும் எடுங்கள். கடைசி இரண்டு இடங்களை வெறுமையாக விடுங்கள். அவற்றை நிரப்பும் பணி நோயாளியுடையது. அவர் சொல்லும் பாடலோடு, அதற்கான காரணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவ்வாறு உருவான பட்டியல்களை எங்களுக்கும் அனுப்புங்கள். பாடலின் பெயர், படத்தின் பெயர், ஒரு வரிக் காரணம் ஆகியவை போதும். உங்கள் பெயரோ நோயின் விவரமோ தேவையில்லை. வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் தாளாகக் கொடுத்தாலும் எங்களை வந்தடையும். தேர்ந்தவற்றை வரும் இதழ்களில் வெளியிட விரும்புகிறோம். உடனிருக்க எவருமில்லாத ஒருவர் அப்பக்கத்தைப் படித்து, தமக்கு ஏற்ற பாடலை அதில் கண்டுகொள்ளக்கூடும்.